பந்திக்குப் போகாத மூப்பர்

எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மாசிலாமணி அண்ணன் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார். கதவைத் தட்ட மாட்டார். பெரியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார். தொண்டையை இரண்டு தரம் செருமிவிட்டு, "ஏய் எஸ்தரு, இன்னா பண்ணிகினு கீற?" என்பார். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை ஓடிவந்து தாழ்ப்பாளைத் தள்ளும். அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி யாராவது ஜாடை காட்டுவதற்குள், அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவீட்டில் நிற்பார்.

"நான் எதுக்கு வந்துகீறன்னு பெரியவங்களுக்குத் தெரியும், தொறக்க மாட்டாங்கோ. பசங்களுக்கு இன்னா தெரியும்?" என்று தன் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வருவது சண்டையைத் தீர்க்க. திருவொற்றியூரில் எங்கள் சபை சின்னது. எண்பது குடும்பம் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு பந்திக்குப் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கக் கூடாது என்பது எங்களிடம் பழைய வழக்கம். சண்டையில் இருப்பவர்கள் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வெட்கம் யாருக்கும் வரக் கூடாது என்று, முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீடு வீடாகப் போவார். சபையில் அவர் மூப்பர். ஆயர்கள் மூன்று வருடத்துக்கு ஒருவராக மாறிப் போவார்கள். அண்ணன் அப்படியே இருப்பார்.

என் வீடு அவர் வீட்டுக்கு எதிர் வீடு. தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் பதினான்கு வருடமாக அவர் போவதும் வருவதும் என் கண்ணில் படாமல் இருந்ததில்லை. குட்டையான மனிதர். தடிக் கண்ணாடி. வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா, அவற்றுக்கு நடுவில் ஒரு துண்டுச் சாக்கட்டி. எந்தச் சட்டை போட்டாலும் அந்தப் பையின் மூலை மட்டும் மாவு பட்டதுபோல் வெளுத்திருக்கும்.

துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நின்று எண்ண வேண்டும். எண்ணி முடித்ததன் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். "மார்க் உய்ந்த மூட்டைய மறுபடியும் எண்ணக் கூடாது. எண்ணாத மூட்டைல மார்க் இருக்கக் கூடாது. இந்த ரெண்டுதான் எங்க வேல," என்பார். வீட்டிலும் அதே. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஒரு கோடு. காஸ் சிலிண்டரில் மாற்றிய தேதி. ஆலய நாற்காலிகளின் முதுகில் எண். அவர் மனைவி ஆலிஸ் அக்கா ஒரு நாள், "என் முதுகுல ஒண்ணுதான் பாக்கி," என்றார்.

பதவி வந்த பிறகு வேலை குறைந்த மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்குக் கூடியது. ஆலயத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் குச்சியோடு அவர்தான் குனிவார். பண்டிகைச் சாப்பாடு முடிந்ததும் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்ப்பார். கமிட்டிக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, நீங்க போய் இத்தையெல்லாம்..." என்று யாராவது கையைப் பிடித்தால், "அப்ப நீ தேய்," என்று கையிலிருந்த தேங்காய் நாரைக் கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுக்கப்பட்ட நாரோடு திணறி நின்றவர்கள் எங்கள் சபையில் நிறையப் பேர்.

அவரிடம் இரண்டு குறை உண்டு. ஒன்று நாக்கு. எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஜனம் சிரிக்கும்; அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கும். இன்னொன்று அவசரம். சண்டையைக் கால்மணி நேரத்தில் முடிப்பார். ரோஸ்லினுக்கும் அவள் ஓரகத்திக்கும் குழாயடியில் தகராறு வந்து, ஓரகத்தி எல்லார் முன்னாலும் ரோஸ்லினைப் 'பிள்ளை இல்லாதவள்' என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அண்ணன் போனார். இருவரையும் ஒரு பாயில் உட்கார வைத்தார், ஜெபம் செய்தார், கையைக் கொடுக்கச் சொன்னார், டீ குடித்தார், வாசலுக்கு வந்து சட்டைப் பை நோட்டில் ஒரு டிக் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பந்திக்குப் போனார்கள். திங்கட்கிழமை ரோஸ்லின் மாடியில் துணி காயப் போடும்போது பார்த்தேன். ஒரே துணியை உதறிக்கொண்டே நின்றாள்.

இது அண்ணனுக்குத் தெரியாது. கடல் வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த டிசம்பரில் கடல் வந்து கரையோரத்து வீடுகளை அள்ளிப் போனதும், மிச்சமிருந்தவர்களுக்கு எர்ணாவூர்ப் பக்கம் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எங்கள் சபையார் அங்கே போய் ஆளுக்கொரு பாய், போர்வை, மண்ணெண்ணெய் ஸ்டவ், பத்துக் கிலோ அரிசி கொடுப்பதென்று முடிவானது. இருநூறு பங்கு இருந்தது. டோக்கன் அடிக்க நேரமில்லை. வாங்கினவர்களே திரும்ப வந்தால் என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது, அண்ணன் தன் பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்தார். பொருளை வாங்கியவரின் இடது பெருவிரலில் ஊதா மை வைப்பது. மை இருந்தால் மறுபடி கிடையாது. மூட்டைக்குக் கோடு போடுகிற மாதிரிதான். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். நூறு பேர் போயிருப்பார்கள். வரிசையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் வந்து கையை நீட்டினார். பெருவிரலில் ஏற்கெனவே ஊதா மை.

அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாம்மா, மார்க் உய்ந்துகீதே. ஒரு தபா வாங்கிகினு போய் வூட்ல வெச்சிட்டு மறுபடியும் வந்து நிக்கிறியே, பின்னால கீறவங்கோ இன்னா பண்ணுவாங்கோ?"

"நான் இப்பதான் நைனா வரேன். இது காலைல வெச்சது. கவர்மெண்டு மை."

"மைல இன்னாம்மா கவர்மெண்டு மை, கோயில் மை? ரெண்டும் ரெண்டு கலரா கீது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "கவர்மெண்டு மை!" என்று திருப்பிச் சொன்னாள். இன்னும் பெரிய சிரிப்பு. அந்த அம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அண்ணனை ஒரு முறை பார்த்தார். வரிசையை விட்டுப் போய்விட்டார். "அடுத்தாளு, ஜல்தி வா," என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் திரும்பிப் போகும்போது அவருடைய காதுக்கு மேலே நரைமுடியில் ஊதாக் கீற்று ஒன்று இருந்ததைப் பார்த்தேன்.

கைநாட்டு வைப்பவர்கள் விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைப்பார்கள். துணியில் துடைத்தால் கறை போகாது. கடுதாசி யார் கொடுப்பார்கள்? என் அம்மா ரேஷன் ஆபீசுக்குப் போய்வந்தால் அவள் தலையிலும் அந்தக் கீற்று இருக்கும். நான் ஏழாவது வரை படித்ததில் என் பெயரை எழுதிவிடுவேன். ஆனாலும் அந்தக் கீற்று எனக்குத் தெரியும். சர்க்காரில் குடும்பங்களின் பட்டியல் எடுக்க அன்று காலை கொட்டகையில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்திருந்தார்கள். அப்படி வைத்த மற்றவர்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு எங்களிடம் வந்தார்கள். இந்த அம்மாளுக்குச் சோப்புக் கிடைக்கவில்லை. எங்களிடம் மை வாங்கியவர்களையோ, துடைக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினோம்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஆலிஸ் அக்காவின் பின்வாசலில் போய் நின்று சொன்னேன். ஆலிஸ் அக்கா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். பெரிய உடம்பு, எதையும் நேராகச் சொல்லும் வாய். "அங்கயே ஏன் சொல்லல நீ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, கைநாட்டு வெச்சா தலைலதான் தொடைப்பாங்கோ. அந்தம்மா தலைல மை இருந்துச்சாம். உனுக்கு எங்க தெரியப் போவுது, ரெண்டு பேனா வெச்சிகினு சுத்தறவன்."

அண்ணன் தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஒரு பங்குப் பொருளை டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக் கட்டி, ஆலிஸ் அக்காவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அக்கா சொன்னார். விசாரித்து விசாரித்து அந்தக் கொட்டகையைக் கண்டுபிடித்து, தகரக் கதவுக்கு முன்னால் நின்று வழக்கம்போல இரண்டு தரம் செருமினாராம். பிறகு நின்றுவிட்டாராம். கூப்பிட ஒரு பெயரும் தெரியவில்லை. அங்கே பிள்ளை உண்டா, யார் யார் இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஜஹானாரா என்ற பெண்தான், "சொக்கம்மா அத்தே, உன்னியத் தேடிகினு ஆளு வந்துகீது," என்று குரல் கொடுத்தாளாம். சொக்கம்மாள் என்ற பெயரே அப்போதுதான் அண்ணன் காதில் விழுந்தது.

"தப்பு நடந்து பூச்சும்மா. இந்தா, உன் பங்கு."

"நடந்து பூச்சா? யாரு நடத்துனது?"

"நான்தாம்மா."

"நேத்து எத்தினி பேரு எதிர்ல சொன்னே?"

அண்ணன் குனிந்து பாயின் கட்டை அவிழ்க்கப் போனார்.

"இப்ப எத்தினி பேரு கீறாங்கோ? எண்ணுறதுதான உன் வேல, எண்ணு. உன் பொண்டாட்டி ஒண்ணு, அந்த நாய் ஒண்ணு. நேத்துலேர்ந்து நான் தண்ணிக்குப் போனா 'கவர்மெண்டு மை வர்து பாரு'ன்றாங்கோ. தூக்கினு போ உன் பாயையும் அரிசியையும்."

கொண்டுபோன பொருள் அப்படியே திரும்பி வந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு வந்தது. பிரசங்கம் முடிந்து திருவிருந்துக்கு முன்னால் அண்ணன் எழுந்து நின்றார். ஆயரிடம் உத்தரவு கேட்டு, முன்னால் போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். ஏழை அம்மாள் ஒருவரைத் திருடி என்று சொல்லிவிட்டேன், நானே பெரிய ஆள் என்று நினைத்துவிட்டேன், சபையார் மன்னிக்க வேண்டும் என்றார். பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஆயர் அவர் தோளில் கை வைத்து, இப்படித் தன்னைத் தாழ்த்துகிற மூப்பர் நமக்குக் கிடைத்தது பாக்கியம் என்றார். அண்ணன் பந்திக்குப் போனார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆண்கள் வரிசையாக நின்று அவர் கையைக் குலுக்கினார்கள். "என்னா தாழ்மை! என்னா தாழ்மை!" என்று கமிட்டிச் செயலாளர் என்னிடம்கூடச் சொன்னார். அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் எதிர் வீட்டில் ஆலிஸ் அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"நீ தப்பு பண்ண எடம் அங்க. மன்னாப்பு கேட்ட எடம் இங்க. இங்க உனுக்குப் பேரு ஏறிகினு பூச்சு. அந்தம்மாவுக்கு இன்னாய்யா ஏறிச்சி? இப்பவும் அவ தண்ணிக்குப் போனா சிரிச்சிகினுதான கீறாங்கோ?"

அண்ணன் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். எதிரில் நான் இருப்பதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார். காலையில் நிறையக் கைகள் குலுக்கிய அந்தக் கையைத் தொடைமேல் மல்லாக்க வைத்திருந்தார்.

மார்ச் முதல் ஞாயிறு அவர் பந்திக்குப் போகவில்லை. எல்லாரையும் வரிசை வரிசையாக அனுப்பிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள் அது. அதனால் ஜனம் அதையும் பக்தியாகவே எடுத்துக்கொண்டது. மூப்பர் இந்த வருடம் கூடுதலாகத் தன்னை ஒடுக்குகிறார் என்றார்கள். ஆயர் விசாரித்தபோது, "ஒரு எடத்துக்குப் போவேண்டியது கீது ஐயா. போவாம கீறேன்," என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு எது தடை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சாக்கடைக்குள் கை விடுகிறவர், வேலையில் கூச்சமில்லை. ஆனால் கொடுக்கிறவராகப் போய் நின்ற இடம் அது. அதே இடத்தில் கேட்கிறவராகப் போய் நிற்க வேண்டும். சிரிப்பு மூட்டிப் பழகியவர், இப்போது சிரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். போதாததற்குக் கமிட்டிச் செயலாளர் வேறு வீட்டுக்கே வந்து, "நம்ம சபைல சொன்னீங்க, முடிஞ்சிது. தெருவுல போய் நின்னா சபைக்கு இன்னா மரியாதை? அவுங்கோ நம்ம ஜனமும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆளாக இருந்தால் இதையே சாக்காகப் பிடித்துக்கொண்டிருப்பார். அண்ணன்கூட இரண்டு வாரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் விடிந்ததும் கிளம்பினார். கொட்டகைக்குத் தண்ணீர் லாரி ஆறரை மணிக்கு வரும். ஆலிஸ் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே போனார். "சொல்றாரா, இல்ல லாரிய எண்ணிட்டு வந்துடறாரான்னு பாப்போம்," என்றார்.

எழுபது எண்பது பெண்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தொடக்கத்தில் சொக்கம்மாள் நின்றார். குழாய்ப் பொறுப்பு அவருடையது. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றார். ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை.

"இன்னா, மெல்ல பேசுற?" என்றார் சொக்கம்மாள். "அன்னிக்கு ஸ்பீக்கரு இல்லாமயே ஊருக்குக் கேட்டுச்சே! ஏ ஜஹானாரா, உனுக்குக் கேக்குதா?"

வரிசையின் கடைசியிலிருந்து, "ஒண்ணும் கேக்கல அத்தே," என்று பதில் வந்தது.

அண்ணன் திரும்பி வரிசையைப் பார்த்து நின்றார். "அன்னிக்கு சாமான் குடுத்தப்போ இந்தம்மாவ ரெண்டாந்தபா வர்ரான்னு சொன்னேன். அது பொய்யி. அவங்கோ வாங்கவே இல்ல. அவங்க கைல இருந்தது கவர்மெண்டு மைதான். நான்தான் தெரியாம நாக்க நீட்டிட்டேன். என்னை மன்னிக்கணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி, "தோ பார்ரா, கோயில்காரு!" என்றாள். அண்ணன் காது மடல் சிவந்தது. ஆனால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல அவருக்கு ஆயிரம் வார்த்தை வந்திருக்கும்.

"சரி," என்றார் சொக்கம்மாள். "அன்னிக்கு சிரிச்சவளுங்கள்ல பாதி பேரு இன்னிக்கு வரல. நாளிக்கி வா."

அண்ணன் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாம் நாள் நாங்களும் போயிருந்தோம். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாருக்கா இவுரு, தெனிக்கும் வந்து மன்னாப்பு கேட்டுகினு கீறாரு? ட்யூட்டியா?" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை சொக்கம்மாளும் சிரித்துவிட்டார். சிரிப்பை உடனே அடக்கிக்கொண்டு குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றினார்.

"போதும் நைனா. தெனம் சொன்னா உனுக்குப் பழகிப் பூடும். பழகிப்பூட்டா அதுல ஒண்ணும் இல்ல. போ."

"உன் பங்கக் கொண்டாந்து குடுக்கட்டுமாம்மா?"

"வேற யாருக்குனா குடு. எங்கிட்ட இப்ப ஸ்டவ் கீது."

அண்ணன் நகரவில்லை. "மன்னிச்சியாம்மா?" என்று கேட்டார். அத்தனை சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அது என் வேல," என்றார் சொக்கம்மாள். "நீ உன் வேலயப் பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் அன்னிக்கு அங்க போர்வ மடிச்சிகினு குந்தினு இருந்தே, இல்ல?" ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் குழாயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் அண்ணனுக்கு நிம்மதி இல்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லையே, நான் பந்திக்குப் போகலாமா கூடாதா என்று ஆலிஸ் அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்தம்மா அவ வேலன்னுட்டா. நீ அத்தையும் வாங்கி டிக் போடணும்னு பாக்குற. உன் வேலய நீ செஞ்சிட்ட, போய்யா," என்றார் அக்கா. ஏப்ரல் முதல் ஞாயிறு அண்ணன் பந்திக்குப் போனார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. சொக்கம்மாளுக்கு எர்ணாவூரிலேயே குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. சாயங்காலம் கீழே கூடையில் மீன் விற்கிறார். அண்ணன் அங்கே போய் வாங்குவது உண்டு. விலை பேசினால் திட்டு வாங்குவார். மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் அதன் பிறகு வரவில்லை.

சனிக்கிழமை வீடு வீடாகப் போவதை அண்ணன் விடவில்லை. ஆனால் கால்மணி நேரத்தில் முடிப்பது நின்றுவிட்டது. ஒரே பாயில் உட்காரவும் வைப்பதில்லை. யாருக்கு அடி விழுந்ததோ அவரிடம் மட்டும் போய், "எங்க வந்து கேக்கணும்? யாரு யாரு எதிர்ல கேக்கணும்?" என்று கேட்கிறார். ரோஸ்லினிடம் இத்தனை வருடம் கழித்துப் போய் அதைக் கேட்டார். அவள் குழாயடி என்றாள். ஓரகத்தி குழாயடியில் வந்து கேட்டாள். எல்லாருடைய விஷயமும் அப்படித் தீர்வதில்லை. தீராத சண்டைகள் இப்போது எங்கள் சபையில் முன்பைவிட அதிகம் என்று கமிட்டியில் குறை சொல்கிறார்கள். அது உண்மைதான்.

இப்போது தீராமல் இருப்பது ஞானமுத்துவின் விஷயம். அவருடைய கூடப் பிறந்த அண்ணன் பொதுச் சுவரை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டார். கேட்கப் போன ஞானமுத்துவை அவருடைய மகன்கள் எதிரிலேயே கன்னத்தில் அறைந்துவிட்டார். அறைந்தவருக்கு மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை. அவர் மணலி பக்கம் வேறு சபைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அங்கே பந்திக்கும் போகிறாராம். அறை வாங்கியவர் இங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்காக வேணா மன்னிச்சிட்டேன்னு சொல்றேண்ணே," என்று ஞானமுத்து சொன்னாராம்.

"எனுக்காக வாணாம்," என்றாராம் அண்ணன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம், முதல் ஞாயிறு. அண்ணன் வழக்கம்போல ஒவ்வொரு பெஞ்சாக ஜனத்தைப் பந்திக்கு அனுப்பினார். எல்லாரும் போய் வந்தாயிற்று. ஆயர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முன்னால் போகாமல் கடைசி பெஞ்சுக்கு நடந்தார்.

"நீங்க போங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்கோ," என்று ஞானமுத்து கிசுகிசுத்தார்.

"பாக்கட்டும். கொஞ்சம் நவுந்து குந்து."

ஞானமுத்து நகர்ந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை விரித்து, இருவருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் பிடித்துக்கொண்டார்.

அதை இப்போது யாரும் தாழ்மை என்று சொல்வதில்லை, பிடிவாதம் என்கிறார்கள். மூப்பரே பந்திக்கு வராவிட்டால் எப்படி என்று செயலாளர் ஆயரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சுவர் அப்படியே நிற்கிறது. இது மூன்றாவது மாதம். முதல் ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.